அடைக்கலம் கொடுத்த வீடு: மார்கோவாவின் உல்மா குடும்பம்



2023ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை, போலந்து நாட்டின் தென்கிழக்கில் உள்ள மார்கோவா என்னும் கிராமத்தில், கர்தினால் மார்செல்லோ செமராரோ அவர்கள் திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களின் பெயரால் ஒரு முழுக் குடும்பத்தையே முத்திப்பேறு பெற்றவர்களின் வரிசையில் சேர்த்தார். தந்தை, தாய், ஆறு குழந்தைகள், தாயின் வயிற்றில் இருந்த ஏழாவது குழந்தை என ஒன்பது பேரும் ஒரே நாளில் பீடத்தின் மகிமைக்கு உயர்த்தப்பட்டனர். திருச்சபையின் வரலாற்றில் இப்படி ஒரு குடும்பம் முழுவதும் ஒன்றாக அருளாளர்களாக அறிவிக்கப்பட்டது இதுவே முதன்முறை. அன்றைய மூவேளை செப உரையில் திருத்தந்தை அவர்கள் இக்குடும்பத்தை நினைவுகூர்ந்து, கூடியிருந்தோரைக் கைதட்டிப் பாராட்டச் சொன்னார்.

இவர்கள் செய்தது என்ன? இரண்டாம் உலகப்போரின்போது எட்டு யூதர்களுக்குத் தங்கள் வீட்டுப் பரணில் இடம் கொடுத்தார்கள். அதற்காக 1944ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள் விடியுமுன் கொல்லப்பட்டார்கள். அந்த எட்டு பேரும் அதே விடியற்காலையில் அதே வீட்டில் கொல்லப்பட்டார்கள். உல்மா குடும்பத்தைப் பற்றி நம் ஆலயங்களில் பேசும்போது இந்த எட்டு பேரை 'சில யூதர்கள்' என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். அது சரியல்ல என்பது நமது எண்ணம். ஆகவே இக்கட்டுரையில் அவர்கள் பெயர்களையும் சேர்த்தே எழுதுகிறோம்.

யார் இந்த உல்மா தம்பதியர்?

தந்தையின் பெயர் யூசெஃப் உல்மா. நம் வழக்கில் சொன்னால் சூசை. 1900ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் நாள் மார்கோவாவில் ஓர் எளிய விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். அதிகம் படிக்க வசதி இல்லை. ஊர்ப் பள்ளிக்குப் பிறகு, பல ஆண்டுகள் கழித்துத்தான் வேளாண்மைப் பள்ளியில் சேர்ந்து நல்ல மதிப்பெண்களோடு தேறினார். ஆனால் மனிதர் சும்மா இருக்கிறவர் இல்லை. பழமரக் கன்றுகளுக்கு நாற்றுப் பண்ணை வைத்தார். தேனீ வளர்த்தார். அந்த வட்டாரத்தில் யாரும் செய்யாத பட்டுப்புழு வளர்ப்பைச் செய்து காட்டினார். 1933ஆம் ஆண்டில் நடந்த மாவட்ட வேளாண் கண்காட்சி ஒன்றில் தேன்பெட்டிக்கும் பட்டுப்புழு வளர்ப்புக்கும் பரிசு பெற்றார். ஒரு சிறிய காற்றாடியை அமைத்துத் தன் வீட்டில் மின்விளக்கு எரியவிட்டார். கத்தோலிக்க இளைஞர் சங்கத்திலும், விவசாய இளைஞர் இயக்கத்திலும் உழைத்தார். ஊர் மக்கள் படிப்பதற்காக நூலகப் பொறுப்பையும் ஏற்றிருந்தார்.

இவற்றுக்கெல்லாம் மேலாக அவருக்குப் புகைப்படக் கலையில் தீராத ஆசை. நூல்களைப் படித்துத் தானாகவே ஒரு கேமராவைச் செய்துகொண்டார் என்கிறார்கள். ஊரில் நடந்த திருமணங்கள், அறுவடை, பள்ளிக் குழந்தைகள், குடும்பப் படங்கள் எல்லாம் அவர் கையால் எடுக்கப்பட்டவை. நூற்றுக்கணக்கான படங்கள் இன்றும் இருக்கின்றன. அவற்றில் பலவற்றில் அவருடைய மனைவியும் குழந்தைகளும் இருக்கிறார்கள்: விக்டோரியா குழந்தைக்குச் சாப்பாடு ஊட்டுகிறார், பெரியவளுக்கு எழுதக் கற்றுக் கொடுக்கிறார், துணி துவைக்கிறார். புனிதர்கள் பலரை நாம் ஓவியர்களின் கற்பனை வழியாகத்தான் அறிந்திருக்கிறோம். இந்தக் குடும்பத்தையோ, அவர்களில் ஒருவரே எடுத்து வைத்த படங்களில் அன்றாட வேலைகளுக்கு நடுவே பார்க்க முடிகிறது.

தாய் விக்டோரியா, 1912ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் அதே ஊரில் பிறந்தவர். கணவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். ஊரின் நாடகக் குழுவில் நடித்தவர். அருகில் காச் என்னும் ஊரில் இருந்த மக்கள் உயர்பள்ளி வகுப்புகளுக்கும் சென்று வந்தவர். 1935ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் இவர்கள் திருமணம் செய்துகொண்டனர். (திருச்சபை இவர்களுடைய திருநாளாக ஜூலை 7ஐக் குறித்திருக்கிறது. வழக்கமாக மறைசாட்சியரின் திருநாள் அவர்கள் இறந்த நாளில் வரும். இங்கே திருமண நாளைத் தேர்ந்தது அழகான முடிவு.) அடுத்த ஏழு ஆண்டுகளில் ஸ்தானிஸ்வாவா, பார்பரா, விளாடிஸ்லாவ், பிரான்சிஸ், அந்தோணி, மரியா என்று ஆறு குழந்தைகள் பிறந்தனர். குடும்பம் பெருகியதால் 1938ஆம் ஆண்டில் கிழக்கே சோக்கால் பகுதியில் கொஞ்சம் பெரிய நிலம் ஒன்றை வாங்கி, அங்கே குடிபோக எண்ணியிருந்தார்கள். 1939 செப்டம்பரில் ஜெர்மனி போலந்தின்மீது படையெடுத்தது. யூசெஃப் போருக்கு அழைக்கப்பட்டார். புது நிலத்திற்குப் போகும் திட்டம் நின்றது. ஊர்க்கோடியில் இருந்த அந்தச் சிறிய மரவீட்டிலேயே அவர்கள் தங்கிவிட்டனர்.

பரணில் இருந்த எட்டு பேர்

போருக்கு முன் மார்கோவாவில் ஏறக்குறைய 120 யூதர்கள் வாழ்ந்தார்கள். கடை வைத்திருந்தவர்கள், கால்நடை வாங்கி விற்றவர்கள், நிலத்தில் பாடுபட்டவர்கள். உல்மா குடும்பத்துக்கு இவர்கள் அந்நியர் அல்லர். பக்கத்து வீட்டார், காய்கறி வாங்குகிறவர்கள், படம் எடுத்துக்கொள்ள வருகிறவர்கள்.

1941 அக்டோபர் 15ஆம் நாள், ஆக்கிரமிப்புப் பகுதியின் ஆளுநர் ஹான்ஸ் ஃபிராங்க் ஓர் ஆணை பிறப்பித்தார். யூதர்களுக்கென்று ஒதுக்கிய இடத்தை விட்டு வெளியே வரும் யூதருக்கு மரண தண்டனை. அவருக்குத் தெரிந்தே ஒளிய இடம் கொடுப்பவருக்கும் மரண தண்டனை. நடைமுறையில் தண்டனை ஒருவரோடு நிற்கவில்லை. வீட்டில் உள்ள எல்லாரையும் கொல்வது வழக்கமாயிற்று. மேற்கு ஐரோப்பாவில் யூதர்களை ஒளித்தவர்கள் பிடிபட்டால் பெரும்பாலும் சிறையோ வதை முகாமோ கிடைத்தது. போலந்தில் வீட்டு வாசலிலேயே துப்பாக்கி. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொண்டுதான் இவர்கள் செய்ததை எடைபோட வேண்டும்.

1942ஆம் ஆண்டில் அந்த வட்டாரத்து யூதர்கள் வதை முகாம்களுக்கு ஏற்றிச் செல்லப்பட்டார்கள். பலர் தங்கள் ஊர் எல்லையிலேயே சுடப்பட்டார்கள். அந்த நாட்களில் யூசெஃப், ரிஃப்கா என்ற யூதப் பெண்ணும் அவருடைய மகள்களும் ஒளிந்துகொள்ள, ஓடைக்கரையில் ஒரு பதுங்குகுழி அமைத்துக் கொடுத்தார். அவர்கள் கண்டுபிடிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். இது நடந்த பிறகு, தான் விளையாடுவது எதனோடு என்று யூசெஃபுக்கு நன்றாகவே தெரிந்திருக்கும்.

ஆயினும் 1942ஆம் ஆண்டின் இறுதி வாக்கில், கதவைத் தட்டியவர்களுக்கு அந்த வீடு திறந்தது. வான்சுத் நகரைச் சேர்ந்த சவுல் கோல்ட்மன் என்ற முதியவரும், அவருடைய மகன்களான பாரூக், மெகெல், யோவாகிம், மோசே ஆகிய நால்வரும் வந்தார்கள். வான்சுத்தில் இவர்களை 'ஷால்' குடும்பம் என்று அழைப்பது வழக்கம். இவர்களோடு மார்கோவாவைச் சேர்ந்த கோல்டா க்ருன்ஃபெல்ட், அவருடைய சகோதரி லேயா டிட்னர், லேயாவின் சிறுமகள் ரெஷ்லா ஆகியோரும் சேர்ந்தார்கள். இந்த எட்டு பேரும் மேலே பரணில் உறங்கினார்கள். கீழே கணவன், மனைவி, ஆறு குழந்தைகள்.

பதினாறு பேருக்கு அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது. போர்க்காலம் என்பதை மறக்க வேண்டாம். விளைச்சலில் ஒரு பங்கை ஆக்கிரமிப்பாளருக்குக் கட்டாயமாகக் கொடுக்க வேண்டும். மிஞ்சியதில் பதினாறு வயிறுகள். ஷால் சகோதரர்கள் தோல் பதனிடும் வேலையில் யூசெஃபுக்குத் துணை நின்றார்கள். அதில் வந்த வருமானம் உணவுக்கு உதவியது. விறகு அறுத்தார்கள். அவர்கள் விறகு அறுக்கும் படம் ஒன்றும் யூசெஃப் எடுத்ததாக இருக்கிறது. ஏறக்குறைய ஒன்றரை ஆண்டுகள் இப்படியே கழிந்தன. ஆறு சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஓர் இரகசியத்தைக் காப்பது எத்தனை கடினம் என்பதைத் தாய்மார்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. அந்த வீட்டில் வழக்கத்துக்கு மேல் உணவு வாங்குகிறார்கள் என்பதை ஊரில் சிலராவது கவனித்திருப்பார்கள்.

மார்ச் 24

காட்டிக்கொடுத்தவர் யார் என்பது நீதிமன்றத்தில் தீர்க்கப்பட்ட செய்தி அல்ல. ஆனால் வலுவான ஐயம், வான்சுத்தில் போலீஸ்காரராக இருந்த விளாட்சிமியர் லெஷ் என்பவர்மீது விழுகிறது. ஷால் குடும்பம் முதலில் இவரிடம்தான் உதவி தேடியது. தங்கள் சொத்தை இவரிடம் ஒப்படைத்திருந்தார்கள். பிறகு அவர் உதவியை நிறுத்திவிட்டார், சொத்தைத் திருப்பிக் கொடுக்கவும் மறுத்தார். சொத்தைக் கேட்டவர்கள் உயிரோடு இல்லாமற்போனால் அவருக்கு ஆதாயம். யூதாசு முப்பது வெள்ளிக் காசுக்கு விற்றான் என்று பெரிய வெள்ளிதோறும் வாசிக்கிறோம். அந்தக் கணக்கு எல்லாக் காலத்திலும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

மார்ச் 23 இரவு, அக்கம்பக்கத்துக் கிராமங்களிலிருந்து நான்கு வண்டிக்காரர்கள் வண்டியோடு வான்சுத்துக்கு வரவேண்டும் என்று கட்டளை போயிற்று. எதற்கென்று சொல்லப்படவில்லை. மார்கோவாவிலிருந்து யாரையும் அழைக்கவில்லை; ஊருக்குச் செய்தி போய்விடக் கூடாது என்ற எச்சரிக்கை அது. நள்ளிரவுக்குப் பின் ஜெர்மானியக் காவல் படையினர் ஐவரும், போலந்துப் போலீஸ்காரர் சிலரும் அந்த வண்டிகளில் புறப்பட்டார்கள். தலைமை தாங்கியவர் எய்லெர்ட் டீக்கன். விடியுமுன் உல்மா வீட்டைச் சுற்றி வளைத்தார்கள்.

நடந்ததைப் பிற்பாடு சாட்சி சொன்னவர்களில் ஒருவர், அந்த வண்டிக்காரர்களில் ஒருவரான எட்வர்ட் நவோய்ஸ்கி. முதலில் பரணில் உறங்கிக்கொண்டிருந்தவர்கள் மூவர் சுடப்பட்டார்கள். பிறகு மற்ற யூதர்கள், சிறுமி ரெஷ்லா உட்பட. அதன்பின் யூசெஃபையும் விக்டோரியாவையும் வெளியே இழுத்து வந்து, வீட்டின் முன்னால் சுட்டார்கள். வண்டிக்காரர்களைக் கட்டாயமாகப் பார்க்க வைத்தார்கள். யூதர்களை ஒளிப்பவருக்கு என்ன நடக்கும் என்று ஊர் முழுக்கச் சொல்ல ஆள் வேண்டுமல்லவா!

பெற்றோர் கிடப்பதைக் கண்டு குழந்தைகள் அலறினார்கள். டீக்கன் சற்று நேரம் தம் ஆட்களோடு ஆலோசித்தார். பிறகு குழந்தைகளையும் சுட உத்தரவிட்டார். மூத்தவள் ஸ்தானிஸ்வாவாவுக்கு வயது ஏழு. கடைசிக் குழந்தை மரியாவுக்கு ஒன்றரை. ஊர்த் தலைவர் பிணங்களைப் புதைக்க ஆட்களுடன் அழைக்கப்பட்டு வந்தபோது, குழந்தைகளை ஏன் கொன்றீர்கள் என்று கேட்டார். ஊருக்கு இவர்களால் தொல்லை இருக்கக் கூடாது என்பதற்காக என்று பதில் வந்தது. அதன்பின் வீட்டைக் கொள்ளையிட்டு, வண்டிகளில் ஏற்றி, மது குடித்துவிட்டுப் போனார்கள்.

அன்று தவக்காலத்து வெள்ளிக்கிழமை. மறுநாள் மங்கள வார்த்தைத் திருநாள்.

யூதர்கள் ஒரு குழியிலும் உல்மா குடும்பத்தார் மற்றொரு குழியிலுமாகப் புதைக்கப்பட்டார்கள். சில நாள்களுக்குப் பின் ஊர் ஆண்கள் சிலர், தடையை மீறி இரவில் வந்து, உல்மா குடும்பத்தாரின் உடல்களைத் தோண்டியெடுத்துச் சவப்பெட்டிகளில் வைத்து அதே இடத்தில் அடக்கம் செய்தார்கள். அப்போதுதான் ஒன்றைக் கண்டார்கள். நிறைமாத கர்ப்பிணியாக இருந்த விக்டோரியாவுக்குச் சாகும் வேளையில் பிரசவம் தொடங்கியிருந்தது. குழந்தையின் தலையும் மார்பும் வெளிவந்திருந்தன. 1945 ஜனவரியில் குடும்பத்தாரின் உடல்கள் பங்குக் கல்லறைத் தோட்டத்துக்கு மாற்றப்பட்டன. யூதர் எட்டு பேரின் எச்சங்கள் 1947ஆம் ஆண்டில் யாகியெல்லா என்ற ஊரிலுள்ள கல்லறைக்குக் கொண்டுசெல்லப்பட்டன.

சுட்டவர்களில் ஒருவரான யோசப் கோக்கொட் 1957ஆம் ஆண்டு செக்கோஸ்லோவாக்கியாவில் பிடிபட்டார். மறு ஆண்டு போலந்தில் மரண தண்டனை விதிக்கப்பட்டு, அது பிறகு சிறைத் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. சிறையிலேயே இறந்தார். டீக்கன் போருக்குப் பின் மேற்கு ஜெர்மனியில் போலீஸ் அதிகாரியாகவே வேலை பார்த்து, 1960இல் விசாரணைக்கு முன்பே இறந்துவிட்டார். லெஷை 1944 செப்டம்பரில் போலந்து விடுதலை இயக்கத்தினர் சுட்டுக் கொன்றார்கள்.

பெற்றோர் செய்தது சரிதானா?

இந்த வரலாற்றைச் சொல்லும்போதெல்லாம், யாராவது ஒரு தாய் இக்கேள்வியைக் கேட்கிறார். தங்கள் உயிரைக் கொடுப்பது வேறு. ஆறு சிறு குழந்தைகளின் உயிரைப் பணயம் வைக்கப் பெற்றோருக்கு உரிமை உண்டா? கேள்வி நியாயமானது. பக்தி வார்த்தைகளால் மூடி மறைக்கத் தக்கதல்ல.

உல்மா வீட்டில் ஒரு விவிலிய நூல் இருந்தது. அது இன்றும் பாதுகாக்கப்படுகிறது. அதில் நல்ல சமாரியர் உவமையின் தலைப்புச் சிவப்பு மையால் அடிக்கோடிடப்பட்டு, ஓரத்தில் 'ஆம்' என்று பொருள்படும் போலந்துச் சொல் எழுதப்பட்டிருக்கிறது. நம்மை நேசிப்பவரையே நேசித்தால் என்ன பயன் என்று ஆண்டவர் மலைப்பொழிவில் கேட்கும் பகுதியும் அதேபோல் கோடிடப்பட்டிருக்கிறது. அவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதற்கு நம்மிடம் உள்ள எழுத்துச் சான்று இவ்வளவுதான். நாட்குறிப்போ கடிதமோ விளக்கமோ இல்லை.

நமது கருத்தைச் சொல்கிறோம். முதலாவது, குழந்தைகளைக் கொன்றவர்கள் பெற்றோர் அல்லர்; டீக்கனும் அவருடைய ஆட்களும். இது எளிய உண்மைதான், ஆனாலும் கேள்வி கேட்கும் வேகத்தில் மறந்துபோகிறது. ஒரு நன்மை செய்தவரிடம் 'உன்னால்தான் இது நடந்தது' என்று சொல்வது, கொடுமை செய்தவனை வசதியாகத் தப்பவிடுகிறது. இரண்டாவது, அந்தப் பரணில் ஒரு குழந்தையும் இருந்தது. ரெஷ்லாவை வெளியே அனுப்பினால் அவள் சாவது உறுதி. அவளை வைத்துக்கொண்டால் தங்கள் பிள்ளைகளுக்கு ஆபத்து. ஆனால் உறுதியான சாவு அல்ல. மற்றொருவரின் குழந்தையின் உறுதியான சாவுக்கும், தம் குழந்தைகளின் ஆபத்துக்கும் நடுவே அவர்கள் நின்றார்கள். ஒன்றரை ஆண்டுகள் அந்த ஆபத்து சாவாக மாறவில்லை. இன்னும் சில மாதங்கள் கழிந்திருந்தால் ஜெர்மானியர் ஊரைவிட்டே போயிருப்பார்கள்.

மூன்றாவதாக ஒன்று. அப்படிச் செய்யாதிருந்த பெற்றோரை நாம் தீர்ப்பிடத் துணியக் கூடாது. பிள்ளைகளைக் கட்டியணைத்துக்கொண்டு கதவைத் திறக்காமல் இருந்த ஆயிரமாயிரம் தாய்மார்கள் பாவிகள் என்று திருச்சபை சொல்லவில்லை. உல்மா தம்பதியரை மேன்மைப்படுத்துவது என்பது மற்றவர்களைக் குற்றக்கூண்டில் ஏற்றுவது ஆகாது. அதே வேளையில், கதவைத் திறக்காததற்கும் வேட்டைக்குத் துணை போவதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. 1942 டிசம்பரில் மார்கோவாவிலேயே, ஜெர்மானியர் உத்தரவின்பேரில், ஒளிந்திருந்த யூதர்களைத் தேடி ஊரார் அனுப்பப்பட்டார்கள். பிடிபட்டவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தேடியவர்களும் ஞாயிறு திருப்பலிக்கு வந்த நம்மவர்களே. உல்மா குடும்பத்தைப் பற்றிப் பெருமையோடு பேசும் போலந்து நாட்டவர் சிலருக்கு இதைச் சொன்னால் கசக்கிறது. ஆனால் இதையும் சேர்த்துச் சொன்னால்தான், அந்த மரவீட்டின் கதவு எத்தகைய ஊரில், எத்தகைய நாட்களில் திறந்தது என்பது விளங்கும்.

மறைசாட்சியர் என்று எப்படிச் சொல்கிறோம்?

விசுவாசத்தின்மீது வெறுப்புக் கொண்டு கொல்லப்படுபவரே மறைசாட்சி என்பது திருச்சபையின் பழைய இலக்கணம். உல்மா குடும்பத்தாரிடம் யாரும் கிறிஸ்துவை மறுதலிக்கச் சொல்லவில்லையே, ஓர் அரசாணையை மீறியதற்காகத்தானே கொன்றார்கள் என்று கேட்கலாம்.

இதற்குப் புனித தாமஸ் அக்குவினாஸ் வழி காட்டுகிறார். விசுவாசத்தை வாயால் அறிக்கையிடுவது மட்டுமே மறைசாட்சியத்துக்குக் காரணமாகும் என்பதில்லை. கடவுளை நோக்கிச் செய்யப்படும் எந்த நற்செயலும் விசுவாசத்தின் வெளிப்பாடே என்பதால், அதற்காகச் சாவதும் மறைசாட்சியமாகும் என்பது அவருடைய போதனை. அவர் தரும் எடுத்துக்காட்டு திருமுழுக்கு யோவான். ஏரோதின் முறைகேடான திருமணத்தைக் கண்டித்ததற்காகவே யோவான் தலையை இழந்தார். விசுவாசத்தை மறுக்கச் சொல்லி யாரும் அவரைக் கேட்கவில்லை. நம் காலத்தில் தந்தை மாக்சிமிலியன் கோல்பே அவர்களின் காரியத்திலும் இதே கேள்வி எழுந்தது. 1971ஆம் ஆண்டு ஆறாம் பவுல் அவரை அருளாளராக அறிவித்தபோது மறைசாட்சி என்ற வரிசையில் சேர்க்கவில்லை. 1982ஆம் ஆண்டு இரண்டாம் யோவான் பவுல் அவரைப் புனிதராக உயர்த்தியபோது மறைசாட்சி என்றே அறிவித்தார். உல்மா குடும்பத்தின் காரியம் 2003ஆம் ஆண்டில் தொடங்கியது. 2022 டிசம்பர் 17ஆம் நாள் அவர்களுடைய மறைசாட்சியத்தை ஏற்கும் ஆணைக்குத் திருத்தந்தை பிரான்சிஸ் ஒப்புதல் அளித்தார்.

ஏழாவது குழந்தையைப் பற்றியும் பலர் கேட்டார்கள். பெயரும் இல்லை, திருமுழுக்கும் இல்லை; பிறக்காத குழந்தையை அருளாளர் என்பது எப்படி? முத்திப்பேறு விழாவுக்குச் சில நாள்களுக்கு முன், செப்டம்பர் 5ஆம் நாள், புனிதர் பட்ட நடவடிக்கைகளுக்கான பேராயம் விளக்கம் வெளியிட்டது. அந்தக் குழந்தை தாயின் மறைசாட்சிய வேளையிலேயே பிறந்தது. ஆகவே பெற்றோரின் மறைசாட்சியத்தில் பங்குகொண்ட மற்றக் குழந்தைகளோடு அதுவும் சேர்க்கப்படுகிறது என்றது. இரத்தத் திருமுழுக்கு என்று நாம் மறைக்கல்வியில் கற்றது இதுவே. பெத்லகேமின் மாசற்ற குழந்தைகளை ஆண்டுதோறும் டிசம்பர் 28ஆம் நாள் கொண்டாடும் நமக்கு இது புதிதல்ல. அவர்களும் பேசத் தெரியாதவர்களே.

யூதர்கள் தந்த நன்றி

திருச்சபை இவர்களை மேன்மைப்படுத்துவதற்கு இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன்பே யூத மக்கள் மேன்மைப்படுத்திவிட்டார்கள். எருசலேமில் உள்ள யாத் வாஷெம் நினைவகம், 1995 செப்டம்பர் 13ஆம் நாள் யூசெஃபுக்கும் விக்டோரியாவுக்கும் 'நாடுகளிடையே நீதிமான்கள்' என்ற பட்டத்தை வழங்கியது. 1963 முதல் இப்பட்டம் வழங்கப்படுகிறது. யூதர் அல்லாத ஒருவர், பணத்துக்காக அன்றி, தம் உயிருக்கு ஆபத்து இருக்கும்போதே யூதர்களைக் காப்பாற்ற முயன்றார் என்று சான்றுகளோடு மெய்ப்பிக்கப்பட வேண்டும். இதுவரை 28,000 பேருக்கு மேல் இப்பட்டம் பெற்றிருக்கிறார்கள். நாடு வாரியாகப் பார்த்தால் போலந்து நாட்டவரே அதிகம். 7,000 பேருக்கு மேல். அவர்களுள் அருள்சகோதரிகள் பலர் உண்டு. இத்தாலியின் அசிசி நகரில் ஆயர் நிக்கோலினி அவர்களும் அவருடைய குருக்களும் துறவு மடங்களின் அடைப்புகளையே திறந்துவிட்டு யூதர்களைக் காத்தார்கள். பிரான்சின் லெ ஷம்போன் மலைக் கிராமத்தில் அதைச் செய்தவர்கள் பெரும்பாலும் சீர்திருத்த சபையினர்.

இவற்றைச் சொல்லும்போது, ஒரு கத்தோலிக்கக் குருவாக மற்றதையும் சொல்லியாக வேண்டும். 'கிறிஸ்துவைக் கொன்றவர்கள்' என்று யூதர்கள்மீது பல நூற்றாண்டுகளாகச் சுமத்தப்பட்ட பழி, நம் ஆலயப் பீடங்களிலிருந்தே பல வேளைகளில் வந்தது. 1965 அக்டோபர் 28ஆம் நாள் வெளியான இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் பிற சமயங்களைப் பற்றிய அறிக்கை, அந்தப் பழியை யூத மக்கள் அனைவர்மீதும் சுமத்தக் கூடாது என்று தெளிவாக்கியது. 2000ஆம் ஆண்டு மார்ச்சில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் யாத் வாஷெமுக்குச் சென்றார். எருசலேமின் மேற்குச் சுவரில் மன்னிப்பு வேண்டும் மன்றாட்டு ஒன்றை எழுதி வைத்தார். 1944இல் விக்டோரியாவுக்கு இப்படி எந்த ஏடும் வழிகாட்டவில்லை. சிவப்பு மைக் கோடு ஒன்றுதான் இருந்தது.

ஊரின் மற்ற வீடுகள்

2016 மார்ச் 17ஆம் நாள் மார்கோவாவில், போர்க்காலத்தில் யூதர்களைக் காத்த போலந்து மக்களுக்கான அருங்காட்சியகம் உல்மா குடும்பத்தின் பெயரால் திறக்கப்பட்டது. 2018 முதல் போலந்து நாடு மார்ச் 24ஐ அத்தகையோரின் நினைவு நாளாகக் கடைப்பிடிக்கிறது. குடும்பத்தாரின் திருப்பண்டங்கள் இப்போது மார்கோவா புனித டாரத்தி பங்கு ஆலயத்தில் உள்ளன. யூசெஃப் எடுத்த படங்களில் யூதப் பெண்கள் இருக்கும் படம் ஒன்று அன்று வீட்டு மேசைமேல் கிடந்தது. பரணின் பலகை இடுக்குகள் வழியே சொட்டிய இரத்தத் துளிகள் அதில் படிந்திருக்கின்றன.

வண்டிக்காரர்களைப் பார்க்க வைத்ததன் நோக்கம், ஊரார் அஞ்சி நடுங்க வேண்டும் என்பது. அஞ்சினார்கள்தான். அந்த நேரத்தில் மார்கோவாவின் வேறு சில வீடுகளிலும் யூதர்கள் ஒளிந்திருந்தார்கள். அந்தோணி ஷிலர், அவர் மனைவி டாரத்தி ஆகியோரின் வீட்டில் வெல்ட்ஸ் குடும்பத்தார் ஏழு பேர். யூசெஃப் பார், அவர் மனைவி ஜூலியா ஆகியோரின் வீட்டில் ரீசன்பாக் குடும்பத்தார் ஐவர். யான் பிஷிபிலாக், வெரோனிக்கா தம்பதியரின் வீட்டில் ஒருவர். இன்னும் சில வீடுகள். உல்மா வீட்டில் நடந்தது அன்று காலையே இவர்கள் காதுக்கு எட்டிவிட்டது. அவர்கள் வீடுகளிலும் பிள்ளைகள் இருந்தார்கள்.

ஆனால் இவர்களை வெளியே போகச் சொல்லவில்லை. 1944 கோடையில் ஜெர்மானியப் படை பின்வாங்கும்வரை, அந்தப் பரண்களிலும் கொட்டகைகளிலும் வைத்தே சோறு போட்டார்கள். குறைந்தது இருபது யூதர்கள் மார்கோவாவில் உயிரோடு வெளியே வந்தார்கள்.